கூட்டல்ல 'கையில 1'னு சொல்றோமே, அது என்ன, ஏன்?

கூட்டல்னா தனித்தனியா இருக்கறத ஒண்ணா சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு பாக்கறது, அவ்வளவுதான். நாம எண் எழுதற முறையில ஒரு இடத்துல 9 வரைக்கும்தான் நிக்கும், 10 ஆயிடுச்சுன்னா இடது பக்கத்து வீட்டுக்கு 1-ஆ குடி போயிடும், அதான் 'கையில 1'.

இங்க மும்பை தாராவில இட்லி விக்கற ஒரு அக்காகிட்ட டப்பால 27 ரூபா, முந்தானைல முடிஞ்சது 15 ரூபா, எல்லாம் பத்து ரூபா நோட்டும் ஒத்த ரூபா காசும்தான்னு வைங்க. காசு 7-ம் 5-ம் சேர்ந்தா 12, அதுல 10 காச டீக்கடைக்காரர்கிட்ட குடுத்து ஒரு நோட்டா மாத்திக்குவாங்க (சில்லறைன்னா அவரே கேட்டு வாங்குவாரு), மிச்சம் 2 காசு, நோட்டு 2+1, மாத்துன 1, மொத்தம் 4, ஆக 42.

நிறைய பேரு அந்த 1-ஐ வெறும் ஒண்ணுன்னே நினைச்சுக்கறாங்க, இல்லங்க, அது 10.