வாசகர் கேள்வி: மழை கொட்டியும் கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை?

கேள்வி: ஐப்பசி மழைக்குக் குமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுகிறார்கள். ஆனால் மாசியில் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) வயலுக்குத் தண்ணீர் எட்டுவதில்லையே? (இராஜாக்கமங்கலம்)

பதில்: மழை எவ்வளவு என்பதைவிட எத்தனை மணி நேரத்தில் பெய்கிறது என்பதுதான் இப்போது சிக்கல். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும். பேச்சிப்பாறை அணைக்கு முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. தென்மேற்குப் பருவமழையில் ஏறிய மட்டம் இறங்குமுன் புயல்மழை வந்தால் உபரியைத் திறந்தே ஆகவேண்டும். விநாடிக்கு 1,000 கனஅடி உபரி ஒரு நாள் ஓடினால் 8.64 கோடி கனஅடி குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் கடலுக்குப் போய்விடும். அதே தண்ணீரை விநாடிக்கு 100 கனஅடி வீதம் விட்டால் 10 நாள் பாசனம்.

ஆகவே புரட்டாசியிலேயே புத்தன் அணை வழியாகச் சானல்களில் (பாசனக் கால்வாய்களில்) விட்டுக் குளங்களை நிரப்புவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. அணையிலும் வெள்ளத்துக்கு இடம் கிடைக்கும். அதற்குக் குளம் தயாராக இருக்கவேண்டும். தண்ணீர் விடுமுன், குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வாயில் சேர்ந்த மண்ணையும் ஆகாயத்தாமரையையும் அகற்றுங்கள். கரையின் வெளிப்பக்கத்தில் ஈரம் கசிகிறதா என்று நடந்து பாருங்கள். நண்டு வளையை மேலே மூடினால் போதாது, தோண்டி ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காக இடித்து அடைக்கவேண்டும். உபரிநீர் வழியும் மறுகாலை உயர்த்திக் கட்டாதீர்கள். அதனால் கரை உடையக்கூடும்.

கேள்வி: கனமழை பெய்தால் கோதையாறு நீர்மின் நிலையத்தில் மின்சாரம் கூடுமா? (குலசேகரம்)

பதில்: மழை கூடும் அளவுக்கு மின்சாரம் கூடிவிடாது. 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரில், 85 சதவீதத் திறனில், 1 யூனிட்டுக்குச் சுமார் 4,300 லிட்டர் வேண்டும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைவாகப் போதும். ஆனால் டர்பைனுக்குள் போவதற்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதற்கு மேல் வருவது அணையில் தங்கினால்தான் பின்னால் பயன்படும், வழிந்தால் வீண். வெள்ளத்தோடு வரும் மணல் டர்பைன் சக்கரத்தையும் அரிக்கும். பல மாதம் நிதானமாகப் பெய்யும் மழையே மின்நிலையத்துக்கு லாபம்.

கேள்வி: பங்குனி வெயிலில் குளத்து மீன் விடியற்காலையில் செத்து மிதக்கிறது. விஷமா? (திங்கள்நகர்)

பதில்: முதலில் ஆக்சிஜனைச் சந்தேகியுங்கள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் 7.5தான். இரவில் பாசியும் அதையே சுவாசிப்பதால் விடியுமுன் மிகவும் குறைந்துவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்று தீனி போடாதீர்கள், அடிச் சகதியைக் கலக்காதீர்கள். நள்ளிரவு முதல் சூரியன் ஏறும்வரை, மேல்மட்டத் தண்ணீரை மோட்டாரால் உறிஞ்சி, பூவாளிபோல் சிதறும்படி குளத்திலேயே விழவிடுங்கள்.