தினமும் ஓட்டும் காரில் கடினமான இன்ஜின் மவுண்ட் போடலாமா?

கியர் மாற்றும்போது இன்ஜின் குலுங்குகிறது, பாலியூரிதேன் மவுண்ட் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மவுண்ட் என்றால் இன்ஜினை காரின் பாடியோடு பிடித்து வைக்கும் ரப்பர் தாங்கி; பாலியூரிதேன் அந்த ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக். முன்சக்கரம் இழுக்கும் கார், நிறைய கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் பழைய ரப்பரைப் பாருங்கள். அது வெடித்திருந்தால் புதிய கம்பெனி ரப்பர் மவுண்டே போதும்.

நான் அதைப் பார்க்காமல் என் காரின் மூன்று மவுண்டையும் ஒரே நாளில் பாலியூரிதேனுக்கு மாற்றினேன். கிளட்சை விட்டதும் கார் உடனே நகர்ந்தது, கியர் சிக்கென்று விழுந்தது. அந்தச் சுகத்தை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் சிக்னலில் நின்றால் கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி கலங்கித் தெரியும். ஏசி போட்டால் இன்னும் மோசம். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். 800 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்றில், நொடிக்கு ஏறக்குறைய 27 முறை. அதை விழுங்கத்தான் ரப்பரை மெத்தென்று வைக்கிறார்கள், சில கார்களில் மவுண்டுக்குள் திரவமே இருக்கும். கெட்டியாக்கினால் அந்த அதிர்வு எங்கும் போய்விடாது, பாடி வழியாக நம் முதுகுக்கு வந்துவிடும். வேகம் பிடித்தால் ஓரளவு அடங்கும், சரி. ஆனால் ஊருக்குள் எவ்வளவு நேரம் ஐடிலில் நிற்கிறோம்!

அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு. இரண்டாவது வாரமே, "நான் பஸ்ஸில் வந்துக்கறேன்பா" என்றார். அதற்கு மேல் எனக்கு மனசு கேட்கவில்லை. எடையைத் தாங்கும் இரண்டு மவுண்டையும் ரப்பருக்கே மாற்றிவிட்டேன். கீழே இருக்கும் மூன்றாவது மவுண்டான டார்க் ராடை மட்டும் கெட்டியாக விட்டேன். இன்ஜின் முன்னும் பின்னும் புரளாமல் பிடிப்பது அதுதான். ஏசி போட்டால் இப்போதும் லேசான அதிர்வு உண்டு, அம்மா குறை சொல்வதில்லை.

ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் கோபப்பட வேண்டாம், அங்கே இது தேவைதான். மலிவான சரக்கு வாங்கியிருப்பாய் என்றும் சொல்லாதீர்கள், நல்லதைத்தான் வாங்கினேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கழற்றிய பழைய மவுண்டுகளை என்னைக் கேட்காமலே ஒர்க்‌ஷாப்பில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவை உண்மையிலேயே வெடித்திருந்தனவா என்று கடைசிவரை எனக்குத் தெரியாமலே போயிற்று. பணம் கொடுத்து வாங்கிய வண்டியின் பாகம், அதை எறிய இவர்கள் யார்? பிரேக் பேட் மாற்றினாலும் இதே கதைதான். இப்போதெல்லாம் கழற்றியதை டிக்கியில் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.