கிரேக்கம்: மலை, கடல், ஓட்டாஞ்சில்லு (கேள்வி பதில்)

பண்டைய கிரேக்கத்தைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மலைகள் பிரித்ததால்தான் கிரேக்கத்தில் தனித்தனி நகர அரசுகள் வந்தன என்று பள்ளியில் படித்தோம். சரிதானா சார்?

பாதி சரி. நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு மலைதான். ஆனால் ஏதென்ஸ் இருக்கும் அட்டிகாவையும் மலைகள் கூறுபோடுகின்றன. அது ஒரே அரசாகத்தான் இருந்தது. கேயாஸ் என்று ஒரு தீவு, சுமார் 130 சதுர கிலோமீட்டர். நடந்தே ஒரு நாளில் கடந்துவிடலாம். அதற்குள் நான்கு அரசுகள்! மலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊருக்கு நாங்களே ராஜா என்கிற பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு.

கேள்வி: அவ்வளவு மலை என்றால் விளைச்சல் குறைவாகத்தானே இருக்கும்? பிறகு ஏதென்ஸுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

ஒலிவ எண்ணெய் வெளியே போனது, கருங்கடல் பக்கமிருந்து கோதுமை வந்தது. அப்புறம் வெள்ளி. கி.மு. 483 வாக்கில் லாரியம் சுரங்கத்தில் நல்ல வெள்ளி அகப்பட்டது. ஆளுக்குப் பத்து டிராக்மா (அவர்கள் வெள்ளிக் காசு) பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு எழுந்தது. ஏதென்ஸ் அரசியல் தலைவர் தெமிஸ்டோக்கிளீஸ் குறுக்கே விழுந்து, அந்தக் காசில் போர்க்கப்பல் கட்டவைத்தார். மூன்றே ஆண்டில், 480இல், சாலமிஸ் கடலில் பாரசீகக் கடற்படை தோற்றது.

ஒரு கப்பலுக்குத் துடுப்பு வலிக்க 170 பேர் வேண்டும். கவசம் வாங்கக் காசில்லாத ஏழைக் குடிமக்களே அதில் பெரும்பகுதி. ஊரைக் காப்பாற்றியவனைச் சபையில் வாயை மூடு என்று சொல்ல முடியுமா? ஜனநாயகத்துக்கு அடித்தளம் போட்டது கி.மு. 508இல் கிளைஸ்தனீஸ் என்றாலும், அதற்குக் கைபலம் கொடுத்தவர்கள் இந்தத் துடுப்புக்காரர்கள் என்பது என் கருத்து. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அந்த லாரியம் சுரங்கத்தில் வெள்ளி வெட்டியவர்களே அடிமைகள்தான்.

கேள்வி: பானை ஓட்டில் பேர் எழுதி ஆளை நாடு கடத்துவார்களாமே, நிஜமா?

நிஜம்தான். குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. யார் போக வேண்டுமோ அவர் பெயரை ஒரு ஓட்டாஞ்சில்லில் கீறிப் போட வேண்டியது. குறைந்தது 6,000 ஓடுகள் விழுந்தால், அதிகம் பேர் எழுதிய ஆள் பத்து ஆண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். சொத்து அவருக்கே, திரும்பி வந்தால் உரிமையும் உண்டு.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. ஏதென்ஸ் நடுவே உள்ள அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. பெரும்பாலும் மதுக்கிண்ணங்களின் அடிப்பாகம். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: தெமிஸ்டோக்கிளீஸ். எழுத்தைப் பார்த்தால் மொத்தமே பதினான்கு பேருடைய கை. யாரோ உட்கார்ந்து மொத்தமாக எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள், வருகிறவன் கையில் திணிப்பதற்கு. அவர் கி.மு. 471 வாக்கில் வெளியேற்றப்பட்டார். சாலமிஸ் நாயகனுக்குக் கிடைத்த மரியாதை!

கேள்வி: அதே ஏதென்ஸ்தானே சாக்ரடீஸையும் கொன்றது?

ஆமாம், கி.மு. 399இல். கடவுளரை மதிக்கவில்லை, இளைஞரைக் கெடுத்தார் என்று வழக்கு. ஆனால் ஐந்து ஆண்டுக்கு முன்புதான் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றிருந்தது. பிறகு முப்பது பேர் கும்பல் ஒன்று ஆட்சியைப் பிடித்துப் பலரைக் கொன்றது. அதன் தலைவர் கிரிட்டியாஸ் ஒரு காலத்தில் சாக்ரடீஸுடன் பழகியவர். பழைய அரசியலுக்காக வழக்குப் போடக் கூடாது என்று பொதுமன்னிப்பு இருந்ததால், மனத்தில் இருந்த கோபம் வேறு பெயரில் நீதிமன்றத்துக்கு வந்தது என்று பலர் கருதுகிறார்கள். நானும்தான். முப்பது வாக்கு மாறியிருந்தால் விடுதலை.

கேள்வி: சங்க இலக்கியத்தில் வரும் யவனர் கிரேக்கர்தானா ஐயா?

சொல்லின் வேர் அங்கேதான். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கிரேக்கர் இயோனியர். பாரசீகர் அவர்களை 'யவுனா' என்றார்கள்; அது வடமொழியில் 'யவன' ஆகி நம்மிடம் வந்தது. பின்னாளில் ரோமப் பேரரசிலிருந்து வந்த எல்லாருக்கும் அதே பெயர். அகநானூற்றின் 149ஆம் பாட்டில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவது அவர்கள் கப்பல்தான். முசிறி வணிகத்துக்கான கடன் பத்திரம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ், எழுதியிருப்பது கிரேக்கத்தில்.

கேள்வி: மதுவில் தண்ணீர் கலந்துதான் குடிப்பார்களா?

கலந்துதான். கலக்காமல் குடிப்பவன் நாகரிகம் தெரியாதவன் என்பது அவர்கள் எண்ணம்.

கேள்வி: தத்துவம் ஏன் ஏதென்ஸில் தொடங்காமல் மிலேட்டஸில் தொடங்கியது?

மிலேட்டஸ் அந்த இயோனியக் கரையின் பெரிய துறைமுகம். கருங்கடல் சுற்றிலும் அதற்குக் குடியேற்றங்கள், எகிப்தோடு வியாபாரம். நாலு தேசத்துச் சாமி கதைகளும் காதில் விழும் ஊரில், இதில் எது உண்மை என்று ஒருவன் கேட்கத்தானே செய்வான்? தேலீஸ், எல்லாவற்றுக்கும் ஆதி நீர் என்றார். அவருக்கு அடுத்து வந்த அனாக்ஸிமாண்டர், இல்லை, எல்லையற்ற ஒன்று என்றார். பூமி எதன்மேலும் உட்காராமல் நடுவில் நிற்கிறது என்றும் சொன்னார். அடுத்து வந்த அனாக்ஸிமெனீஸ், காற்று என்றார். விடை மூன்றும் தவறாக இருக்கட்டும். மூத்தவர் சொல்லை மறுத்தும் அவர் வரிசையிலேயே நிற்கலாம் என்பது அங்கே சாத்தியமாக இருந்தது.

இப்போது போனால் அங்கே கடல் இல்லை. மியாண்டர் ஆற்று வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது. வாயிலில் காவலுக்கு நின்ற பளிங்குச் சிங்கங்கள் சேற்றில் பாதி புதைந்து கிடக்கின்றன.