காண்டெஸாவை வெட்டிப் பிக்கப் ஆக்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. அப்பா ஆசையாக வாங்கிய காண்டெஸா கார் பத்தாண்டுகளாக வீட்டு வாசலில் ஓடாமல் நிற்கிறது. அதன் பின்பாதியை வெட்டித் தொட்டி அமைத்து, வேகமான எஞ்சின் ஒன்றைப் பொருத்தினால், விடியற்காலையில் 400 கிலோ மீன் ஏற்றவும் ஞாயிற்றுக்கிழமையில் ஸ்போர்ட்ஸ் கார் போல ஓட்டவும் ஒரே வண்டி போதும் என்று நினைக்கிறேன். கொருக்குப்பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் செய்து தருவதாகச் சொல்கிறார். இது நடைமுறையில் சரிவருமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் ஆசைக்குத் தொண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஆஸ்திரேலிய விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுத, லூயிஸ் பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்த ‘யூட்’ வண்டி (முன்பாதி காரும் பின்பாதி சரக்குத் தொட்டியுமாக அமைந்தது) 1934-இல் வெளிவந்தது. ஆனால் அது தொழிற்சாலையில் தொடக்கத்திலிருந்தே அந்த வேலைக்காகக் கட்டப்பட்ட வண்டி. உங்கள் பட்டறைக்காரர் செய்ய நினைப்பது வேறு.

காண்டெஸாவுக்கு லாரி போலத் தனிச் சேசிஸ் (எடையைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது; தரைத்தகடு, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட உடற்கூடுதான் அதற்குச் சேசிஸ். வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து, மூடியோடு இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கினால் மூலைகள் கோணிக்கொள்ளும். பின்பாதிக் கூரையை வெட்டினால் காருக்கும் அதுதான் நேரும். இப்படி வெட்டிய ஒரு காரை நான் பார்த்திருக்கிறேன். பின்பக்க மூலை ஒன்றில் ஜாக்கி வைத்துத் தூக்கியதும் ஓட்டுநர் பக்கக் கதவு சாத்த வரவில்லை. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணின் அடியில், வெல்டிங் போட்ட இடத்தை ஒட்டித் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. அடியில் இரும்புக் குழாய்ச் சட்டம் கொடுத்து இதை ஓரளவு ஈடுகட்டலாம். அப்போது எடை கூடும், நீங்கள் தேடும் வேகம் குறையும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஸ்பிரிங்கில் இருக்கிறது. பின் ஸ்பிரிங்குகள் இரண்டும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் அமுங்க 40 கிலோ எடை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி பின் அச்சுக்கு நேர் மேலே இருந்தால், 400 கிலோ மீன் ஏற்றியதும் வண்டி 10 சென்டிமீட்டர் இறங்கும். ஸ்போர்ட்ஸ் கார் போலத் தாழ்த்திக் கட்டினால் தரைக்கும் வண்டிக்கும் இடையே 13 அல்லது 14 சென்டிமீட்டர்தான் இருக்கும். மிச்சமுள்ள மூன்று நான்கு சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு, கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட எண்ணூர் நெடுஞ்சாலையில் எப்படிப் போவீர்கள்? ஸ்பிரிங்கை இரு மடங்கு விறைப்பாக்கினால் 5 சென்டிமீட்டரோடு நிற்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலித் தொட்டியோடு வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் துள்ளிப் பிடிமானம் இழக்கும். பிரேக்கிலும் இதே கதைதான்: காலி வண்டியின் பின்பக்கம் இலேசானது, அழுத்திப் பிடித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். இதற்காகத்தான் பல பிக்கப் வண்டிகளில், ஏற்றிய சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு வைத்திருக்கிறார்கள்.

சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் கையை விரித்துவிடும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட வண்டிகள் பந்தயக் கார் வேகத்தில் ஓடினவே?
– அதே வாசகர்

பதில்: ஓடின. ஹோல்டன் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் காரிலிருந்து பிறந்த ‘மலூ’ என்ற யூட் 2006-இல் மணிக்கு 271 கிலோமீட்டர் வேகம் தொட்டுச் சாதனை படைத்தது. ஆனால் தொட்டியில் சுமையில்லாமல்தான் அந்த வேகம். அந்த நாட்டிலேயே ஃபோர்டு 2016-இலும் ஹோல்டன் 2017-இலும் உள்நாட்டுத் தயாரிப்பை நிறுத்தியபோது இந்த வகை வண்டிகளும் முடிவுக்கு வந்தன.

கேள்வி: அப்படியானால் நான் என்னதான் செய்வது?
– அதே வாசகர்

பதில்: இரண்டு வண்டிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மீனுக்கு, சரக்கு வண்டியாகப் பதிவான சிறிய பிக்கப் ஒன்றைப் பழையதாகவாவது வாங்குங்கள். தொட்டிக்குள் ஃபைபர் பூசி, தாழ்ந்த மூலைகளில் வடிகால் துளையிட்டு ரப்பர் குழாய் மாட்டி, ஐஸ் உருகும் உப்புநீர் சேசிஸில் படாமல் நேராக வெளியே போகும்படி செய்யுங்கள். துரு முதலில் பிடிப்பது அந்த மூலைகளைத்தான். காண்டெஸாவின் உற்பத்தி 2002-இலேயே நின்றுவிட்டதால், முழுக் கூரையோடு மிஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் அரிது. கதவுக்குக் கீழுள்ள தகட்டையும் தரையையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் தகடு இன்னும் கெட்டியாக இருக்கிறது. பிறகு பிரேக்கையும் ஷாக் அப்சார்பரையும் புதிதாக்கி, ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுங்கள்.