‘ஒரிஜினல்’ என்று எழுதி விற்ற இரும்புச் சிலுவை

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் கால ‘நைட்ஸ் கிராஸ்’ (இரும்புச் சிலுவை விருதின் உயர் நிலை) பதக்கம் ஒன்றை இணைய விளம்பரம் பார்த்து, தனிநபர் ஒருவரிடம் 6,800 யூரோவுக்கு வாங்கினேன். ‘ஒரிஜினல், 800 வெள்ளி முத்திரை’ என்று எழுதியிருந்தார். எந்த உத்தரவாதமும் இல்லை என்றும் கீழே இருந்தது. போருக்குப் பிறகு செய்தது என்று சேகரிப்பாளர் இருவர் சொல்லிவிட்டார்கள். தெரிந்தே ஏமாற்றியவர், பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் 5,000 யூரோ தருகிறாராம். அதை வாங்குவதைவிட, நானும் அதே விளம்பரத்தைப் போட்டு விற்றுவிடலாமா?

பதில்: அவர் தெரிந்தே ஏமாற்றினார் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்; அவரும் யாரிடமோ நம்பி வாங்கியவராக இருந்தால் அந்த வாதம் முதல் நாளே விழுந்துவிடும் என்பதால், அதை விட்டுவிடுங்கள். உங்கள் வழக்கு ‘ஒரிஜினல்’ என்ற சொல்லில்தான் நிற்கிறது. உத்தரவாதம் இல்லை என்ற பொது வாசகம், விற்பவர் தாமே குறிப்பிட்டு ஒப்புக்கொண்ட தன்மையைப் பாதிக்காது என்று, ஓடிய தூரம் தவறாகக் குறிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் வழக்கில் ஜெர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியிருக்கிறது. ஆனால், போர்க் காலத்தில் இப்பதக்கங்களைச் செய்த நிறுவனங்களில் சில, ஸ்வஸ்திகா நீக்கிய வடிவத்தை 1957ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த பின் மீண்டும் அவற்றைச் செய்தன. பழைய அச்சுகளிலிருந்தே போர்க்கால வடிவமும் பிற்காலத்தில் வெளிவந்தது. அதே நிறுவனம், அதே அச்சு, ஆகவே ஒரிஜினல்தான் என்று எதிர்த்தரப்பு வாதிடும். ‘1945க்கு முன் செய்தது’ என்று அவர் ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுதியிருந்தால் உங்கள் நிலை வலுவானது. எழுதவில்லையெனில் நிபுணர் கருத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். காந்தம் ஒட்டுகிறது, ஒட்டவில்லை என்பதை என்னிடம் சொல்லாதீர்கள். அசலில் உள்ளதுபோலவே போலி செய்பவர்களும் இரும்பு நடுத்தகட்டைத்தான் வைக்கிறார்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இதே பள்ளத்தில் விழுந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. இரண்டு சேகரிப்பாளர்களின் கருத்தைக் கேட்டறிந்த பிறகு அதே வாசகத்தோடு விற்றால், இதுவரை ஏமாந்தவராக இருந்த நீங்கள் அன்றே ஏமாற்றியவர் ஆவீர்கள். ஜெர்மன் குற்றவியல் சட்டம் 263ஆம் பிரிவின் கீழ் மோசடிக்கு ஐந்தாண்டு வரை சிறை அல்லது அபராதம். ‘நான் நிபுணன் அல்ல, பார்த்தபடி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எழுதுவதும் காப்பாற்றாது; தெரிந்ததை மறைத்தவர் பொறுப்புவிலக்கு வாசகத்தைச் சார்ந்திருக்க முடியாது என்கிறது அந்நாட்டின் உரிமையியல் சட்டத்தின் 444ஆம் பிரிவு. உங்களுக்குத் தெரியும் என்பதற்கோ, அந்தச் சேகரிப்பாளர்கள் இருவருமே சாட்சிகள். கோபத்தில் பதக்கத்தின் படத்தைப் பொதுவெளியில் போட்டு அவரைத் திட்டுவதும் வேண்டாம். வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. பதக்கத்தில் உள்ள ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டினால், இத்தகைய சின்னங்களைத் தடைசெய்யும் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு குறுக்கே வரும். வரலாறு, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும், வசைப் பதிவு அதற்குள் அடங்கும் என்று காவல்துறைக்கு விளக்கிக்கொண்டிருக்கும் வேலை உங்களுக்கு எதற்கு?

பதக்கத்தைத் துடைக்கவோ, இரும்பைப் பார்ப்பதற்காக விளிம்பை அரம் கொண்டு உரசவோ கூடாது. உரசிய பதக்கத்தைப் பார்த்ததும், நான் கொடுத்தது இதுவல்ல என்று அவர் சொல்லிவிடுவார்.

5,000 யூரோவை வாங்கிக்கொள்ளுங்கள். நிபுணர் அறிக்கைக்கு முன்பணம், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு, ஓராண்டுக்கும் மேலான காத்திருப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டால், விட்டுக்கொடுக்கும் 1,800 யூரோ பெரிய தொகையல்ல. ஏமாந்தது அவமானமாக இருக்கலாம், அதற்கு எந்த நீதிமன்றமும் விலை வைப்பதில்லை. இருவருக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டு, இருபுறமும் படமெடுத்து, பணம் உங்கள் கணக்கில் சேர்ந்த பிறகே பதக்கத்தைக் கையில் கொடுங்கள்.