அக்காவுக்கென்று ஒரு நேர்ஸ்

கேள்வி: என் அக்காவுக்கு 49 வயது. நாலு வருசத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்பரேசன், கீமோ எல்லாம் செய்தோம். இப்போது முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்கிறார்கள். மாதம் ஒருக்கா தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். டாக்டரோடு கதைக்க ஐந்து நிமிசம் கிடைத்தால் பெரிய காரியம். நோவுக்கு மோர்பின் தந்திருக்கிறார்கள், கொடுக்கப் பயமாக இருக்கிறது. லண்டன் மச்சாள் "அக்காவுக்கென்று ஒரு நேர்ஸ் இல்லையா?" என்று கேட்கிறா. அண்ணரோ "பரவின பிறகு நேர்ஸ் என்ன செய்யிறது?" என்கிறார். நான் யாரைக் கேட்பது?
– ஒரு தங்கை, புதுக்குடியிருப்பு

பதில்:

அன்புத் தங்கச்சி,

பரவின பிறகுதான் நேர்ஸின் தேவை கூடுகிறது. முதல் தடவை ஒப்பரேசன், கீமோ என்று ஒரு வரிசை இருந்தது, அது முடிய வீட்டுக்கு வந்தீர்கள். இப்போதுள்ள வருத்தத்தை முற்றாக மாற்ற முடியாது, ஆனால் அடக்கி வைத்திருக்கலாம். எலும்பில் மட்டும் பரவிய பலர் ஹோமோன் குளிசைகளோடு வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். அவ்வளவு காலமும் நோ, களைப்பு, மலச்சிக்கல், இரவில் வருகிற பயம் எல்லாவற்றையும் யாராவது பார்க்க வேண்டுமே. டாக்டரின் ஐந்து நிமிசத்தில் அது முடியாது.

மச்சாள் சொல்வது சரி. இங்கிலாந்தில், மார்பகப் புற்றுநோய் முற்றிய ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஒருவர், பெரும்பாலும் சிறப்புப் பயிற்சி பெற்ற ஒரு தாதி, இருக்க வேண்டும் என்று சுகாதாரத் தர வழிகாட்டலே சொல்கிறது. அங்கும் எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை. நீங்கள் அந்தப் பதவியைத் தேடி அலையாமல், இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் தெல்லிப்பழை கிளினிக்கில் இருக்கிற நேர்ஸ். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, "மிஸ், அக்காவின் நோவைப் பற்றி உங்களோடு கொஞ்சம் கதைக்க வேணும்" என்று நேரடியாகக் கேளுங்கள். இடையில் ஏதும் நடந்தால் எந்த நம்பருக்கு எடுப்பது என்றும் கேட்டு எழுதி வாருங்கள். மற்றவர் ஊரில் இருப்பவர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியைச் சந்தியுங்கள். நீங்கள் போய்ச் சொல்லாமல், உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

போகும்போது ஒரு கொப்பி கொண்டு போங்கள். நோ எத்தனை மணிக்கு வந்தது, பத்துக்கு எத்தனை என்று அக்கா சொல்கிறா, என்ன குளிசை கொடுத்தீர்கள், ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு குறைந்தது, மலம் கடைசியாகப் போனது எப்போது. இவ்வளவும் போதும். "நோகுது மிஸ்" என்றால் அவரால் அதிகம் செய்ய முடியாது. "விடிய மூன்று மணிக்கு எட்டு, மருந்துக்குப் பிறகும் ஆறு" என்றால் அதை டாக்டரிடம் கொண்டுபோய் அளவை மாற்றுவிப்பார். எலும்பு நோவுக்குக் கதிர்ச் சிகிச்சை ஒரே தடவை கொடுத்தாலும் பலருக்கு நன்றாகக் குறையும். அதைப் பற்றியும் கேளுங்கள்.

மோர்பினுக்குப் பயப்படாதீர்கள். அது கடைசி நேரத்து மருந்து என்ற கதை நம் ஊரில் பலரை வீணாக நோகவிட்டிருக்கிறது. சொன்ன அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது, புற்றுநோய் நோவுக்கு எடுப்பவர் போதைக்கு அடிமையாவதும் அரிது. நோ வரட்டும் என்று காத்திராமல் மணிக்கணக்குப்படி கொடுங்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு தணியும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. அதற்கான மருந்தையும் நாளாந்தம் கொடுக்க வேண்டும். எழுப்ப முடியாத தூக்கம், பிதற்றல், கைகால் வெட்டி இழுப்பது கண்டால் உடனே சொல்லுங்கள். பரந்தன் வீதியால் பஸ்ஸில் குலுங்கிப் போவதற்கு முன், கூடுதலாக ஒரு வேளை கொடுக்கலாமா என்றும் கேட்டு வையுங்கள். அக்காவைக் கட்டிலில் திருப்பி எழுப்புவது எப்படி என்று நேர்ஸ் அண்ணருக்குச் செய்து காட்டட்டும். முதுகெலும்பு பழுதான ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது.

இனிச் சொல்வதை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதுகு நோ திடீரென்று கூடினால், கால் பலமிழந்தால், விறைத்தால், சலம் மலம் கட்டுப்பாடில்லாமல் போனால் அல்லது அடைத்துக்கொண்டால், அடுத்த கிளினிக்வரை பார்க்க வேண்டாம். முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, நெரிபடுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும், பிந்தினால் நடை திரும்பாமல் போகலாம். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். போனதும் முதல் வசனமாக "மார்பகப் புற்றுநோய் முதுகெலும்பில் பரவியிருக்கு, கால் பலம் குறையுது" என்று சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ., அதாவது பெரிய காந்தத்தால் உடம்புக்குள் எடுக்கும் படம், எடுக்கச் சொல்வார்கள். அக்காவின் உடம்பில் யுத்தத்தில் பட்ட செல் (எறிகணை) துண்டு ஏதும் இருந்தால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். வன்னியில் எத்தனை பேர் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். உலோகம் காந்தத்தில் அசையக்கூடும். கீமோ நடக்கும் நாட்களில் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தாலும், தாங்க முடியாத தாகத்தோடு மனம் குழம்பினாலும் அதே அவசரம்தான். எலும்புக்கு ஊசி ஏற்றுகிறார்கள் என்றால், பல் பிடுங்கும் முன் கிளினிக்கில் கேட்காமல் பிடுங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் அக்கா என்ன சொல்கிறா என்று ஒரு வரியும் இல்லை. அவவுக்கு எல்லாம் தெரியுமா? தெரியாதென்று நீங்கள் நினைப்பதை அவ எப்போதோ விளங்கியிருப்பா. எப்படிக் கதைக்கத் தொடங்குவது என்று தெரியாவிட்டால் நேர்ஸை உதவிக்குக் கூப்பிடுங்கள், அதுவும் அவருடைய வேலைதான். அக்காவுக்கு என்ன ஆசை என்று கேளுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக வேண்டும் என்று சொன்னால், திகதியை இப்போதே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். மருந்து ஏற்றும் நாளைத் தள்ளி வைக்கலாமா, அந்தச் சனத்துக்குள் எவ்வளவு நேரம் இருக்கலாம், குளிசையை எத்தனை மணிக்குக் கொடுத்துவிட்டு வெளிக்கிட வேண்டும் என்று அவர்களே சொல்லித் தருவார்கள்.