ஒழுக்கத்தில் தவறிய போதகர் மறுபடி ஊழியத்துக்கு வரலாமா?

யாரிடம், என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. சிறுவர்கள் மீது கை வைத்தவர் என்றால் பேச்சே இல்லை, இனி ஊழியம் கிடையாது. சபைக் கமிட்டி கூடி முடிக்கிற விஷயமும் இல்லை அது. இலங்கையில் 1929 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் சொல்ல வேண்டும்.

மற்றத் தவறுகளுக்கு, வேதாகமத்தில் தவறி மன்னிப்புப் பெற்ற தாவீது ராஜாவையும் சீஷன் பேதுருவையும் உடனே இழுத்து வருவார்கள், போதகருக்காகப் பேசுகிறவர்கள். பேதுரு பயத்தில் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார். ஜெபத்துக்கு வந்த பெண்ணிடம் தவறாக நடக்கவில்லை. தாவீது மனந்திரும்பிய பிறகும் பட்டயம், அதாவது வாள், அவன் வீட்டைவிட்டு விலகவில்லை. மன்னிப்பு எவருக்கும் உண்டு, சரி. ஆனால் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவருக்கு, சபைக்கு வெளியே உள்ளவர்களிடமும் நற்சாட்சி கேட்கிறதே.

என்னைக் கேட்டால், வரலாமா என்பதை முடிவு செய்வது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் போதகருக்கு மேலே கேட்க ஆள் உண்டு. கொழும்பில் உள்ள பல தனிச்சபைகளில் பாஸ்டருக்கு மேல் கர்த்தர் மட்டும்தான்! எனக்குத் தெரிந்த பாஸ்டர் ஒருவர், ஒரு பெண் அவர்மேல் முறையிட்டதால் விலகிய சில மாதங்களிலேயே, வத்தளைப் பக்கம் ஒரு மண்டபத்தை ஞாயிறு காலைக்கு வாடகைக்கு எடுத்தார். புதுப் பெயரில் பேனர், அதே கீபோர்ட்காரர், முன்வரிசையில் அதே முகங்கள். முறையிட்ட பெண்ணின் குடும்பம்தான் எந்தச் சபைக்கும் போக முடியாமல் நின்றது. அவளுடைய தாய்க்கு வாட்ஸ்அப்பில் 'நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்' என்ற வசனத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அனுப்பியவர்களில் பலர் அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள்.

அமெரிக்காவில் 1988இல் ஒழுக்கத்தில் தவறிய தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வாகர்ட்டை ஒரு வருடம் பிரசங்க மேடை ஏறக்கூடாது என்றது அவருடைய சபைப்பிரிவான அசெம்பிளிஸ் ஆஃப் காட் தலைமை. அவர் மூன்று மாதத்தில் ஏறினார், குருப்பட்டம் போனது. அதற்கு முந்தைய வருடம் தவறை ஒப்புக்கொண்டு பதவி விலகிய இன்னொரு அமெரிக்கப் போதகர் கோர்டன் மெக்டொனால்ட், மூத்த போதகர்கள் சொன்னபடி ஒதுங்கி இருந்தார். 1993இல் பழைய சபையே கூப்பிட்டு அவரை மறுபடி போதகராக்கியது. அப்படித் திரும்புகிறவரை நான் ஏற்பேன்.

ஆனால் பாதிக்கப்பட்டவரிடம் முதலில் கேட்க வேண்டும். அவர் இன்னும் அதே சபையில் இருந்தால், போதகர் அங்கே வரக்கூடாது. வேறு ஊரில், வேறொரு போதகருக்குக் கீழே, காணிக்கைக் கணக்கைத் தொடாமல், யாரையும் தனியே அறைக்குள் கூப்பிட்டு ஜெபிக்காமல் சில வருடம் இருக்கட்டும். அதற்குச் சம்மதிக்காதவருக்கு மண்டபம் வாடகைக்குக் கிடைக்கும்தான். நான் போக மாட்டேன்.